கார்மேல் மாதா திருநாள் வரை

நவம்பர் பதினான்காம் திகதி மாலை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ரபாயேல் ஆகிய நான். என் மகன் கிறிஷாந்த். அவன் மனைவி டொறீன். என் மகள் டயனா. எங்கள் தோட்டத்தில் முன்பு மருத்துவிச்சியாக இருந்த கமலாட்சி. வழியில் மழை பிடித்ததால் உள்ளே வந்திருந்தாள். மரவள்ளிக்கிழங்கு அவித்திருந்தோம். கட்டச் சம்பல் வழக்கத்தைவிடச் சற்று உறைப்பாக இருந்தது.

அந்த நாளுக்குப் பிறகு குடும்பம் ஒரே மேசையில் அமரவில்லை என்று கிறிஷாந்த் தன் முறைப்பாட்டில் எழுதியிருப்பதாக அறிகிறேன். அது சரியல்ல. இயேசு பிறந்த நத்தார் அன்று பகல் சாப்பாட்டுக்கு அமர்ந்தோம். கமலாட்சி மட்டும் வரவில்லை. சிறிய விஷயம்தான். ஆனால் விசாரணைக்குக் கொடுக்கும் ஒரு கடிதத்தில் சிறிய விஷயமும் சரியாக இருக்க வேண்டும் என்று நினைப்பவன் நான்.

பொலிஸ் நிலையத்தில் என் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிக்கொண்டார்கள். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். பிழை இல்லாமல்தான் எழுதினார்கள். இருந்தாலும் என் மகளைப் பற்றியதை என் மொழியில், என் கையால் எழுதித் தருவது முறை என்று பட்டது. எனக்கு எழுபத்து நான்கு வயது. கை நடுங்குவதில்லை.

நாற்பத்தொரு வருடம் தோட்டக் கந்தோரில் வேலை செய்தேன். கடைசிப் பதினெட்டு வருடம் பெரிய கிளாக்கர். யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று தினமும் குறிக்கும் செக்றோல் புத்தகம் என் பொறுப்பில் இருந்தது. வேலைக்கு வரும் பெண் ஒருத்தி பிள்ளை உண்டாகியிருந்தால் கமலாட்சி சீட்டு அனுப்புவாள். அந்தப் பெண்ணின் பெயருக்கு எதிரே மாதத்தை எழுதிக்கொள்வேன். லீவுக்காகப் பொய் சொல்கிறவர்களும் இருந்தார்கள். இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று புதிதாக வந்த துரை ஒருவர் கேட்டார். பத்து மாதம் காத்திருந்தால் போதும், அதற்கு மேல் ஒரு சாட்சியும் தேவையில்லை என்று சொன்னேன். அவர் அதை ரசித்தார். அதன் பிறகு எந்த விஷயத்திலும் என்னைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டதில்லை.

ஓய்வுக்குப் பிறகு யட்டவத்த வீதியில் இந்த வீட்டைக் கட்டினேன். என் மனைவி இறந்து ஒன்பது வருடமாகிறது.

டயனாவுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. மணமாகவில்லை. இரண்டு சம்பந்தங்கள் வந்தன; இரண்டையும் நான்தான் வேண்டாம் என்றேன். காரணங்கள் இருந்தன. மாத்தளை டவுனில் ஒரு மொன்டிசோரியில் படிப்பித்தாள். றுஸ்தி என்பவரின் த்ரீவீலில் போய்வருவாள். றுஸ்திக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும் உண்டு. நல்ல மனிதர். அவரை இதில் எவரும் இழுக்கக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்; ஏனென்றால் இழுப்பார்கள் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

எங்கள் சிறிய கோயிலில் கார்மேல் மாதா திருநாள் ஜூலையில் வரும். மாதா சுரூபம் வைத்த பல்லக்கை மணமாகாத நான்கு பெண்கள் தோளில் தூக்கிக்கொண்டு சந்தி வரை போய்த் திரும்புவார்கள். முன்பக்கத்து வலது கொம்பு எங்கள் வீட்டுக்கு உரியது. என் தகப்பனார் அந்தப் பல்லக்குக்குப் பலாமரம் கொடுத்த வருடத்திலிருந்து வேறு எவரும் அதைத் தொட்டதில்லை. முதலில் என் அத்தை, பிறகு என் தங்கைமார் இருவர், பிறகு பதினாறு வருடமாக டயனா. ஒரு பெண் அந்தக் கொம்பை விட்டால் அதற்கு இரண்டு காரணங்கள்தான் உண்டு. ஒன்று கலியாணம். மற்றதை ஊர் வாய்விட்டுச் சொல்லாது.

செப்டெம்பரில் அவள் வயிறு சற்று உயர்ந்து தெரிந்தது. நான் கவனித்தேன், ஒன்றும் கேட்கவில்லை. ஒக்டோபர் ஜெபமாலை மாதம். அந்த மாதம் முழுவதும் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒன்பதாம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தது. டயனா முழந்தாளிட்டு ஜெபத்தை நடத்தினாள். எழும்பும்போது கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பியபோது நிறுத்திவிட்டார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நிறுத்தினார்கள் என்பது தெரியும்.

அடுத்த வாரம் பேக்கரியில் பாண் வாங்கும்போது முதலாளி, மகள் சுகமா என்று கேட்டார். இருபது வருடமாக அவரிடம் பாண் வாங்குகிறேன். மகளைப் பற்றி அவர் அதற்கு முன் கேட்டதே இல்லை.

டாக்டரிடம் போகச் சொன்னவள் டொறீன். டயனாவை அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்ப் பேசிவிட்டு வெளியே வந்து, "மாமா, இவளுக்கு மாசம் சரியா வருது. இது வேற என்னமோ. நாளைக்கே காட்டணும்," என்றாள். இப்படிப்பட்ட விஷயத்தை மாமனாரிடம் நேருக்கு நேர் சொல்லும் பெண் அவள். காட்டினோம். டாக்டர் ஸ்கேன் எடுக்க எழுதிக் கொடுத்தார்.

பதினான்காம் திகதி காலை ஒரு தனியார் நிலையத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். டயனா உள்ளே தனியாகப் போனாள். நான் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அவள் உடை மாற்றிக்கொண்டிருக்கும்போது ரிப்போர்ட் கவுன்டருக்கு வந்துவிட்டது. நான் உறையைத் திறந்து, தண்ணீர் ஃபில்டருக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு தடவை வாசித்தேன். தோட்டத்திலிருந்து போன ஆங்கிலக் கடிதங்களை எல்லாம் எழுதியவன் நான். அந்தக் காகிதத்தில் எனக்கு விளங்காத சொல் ஒன்றோ இரண்டோதான்.

அன்று மாலை மேசையில் அதைத் தமிழில் சொன்னேன். கர்ப்பப்பையில் ஒன்றும் இல்லை. இடது சூலகத்தில் பதினான்கு சென்டிமீற்றரில் ஒரு நீர்க்கட்டி. சுவர் மெல்லியது. தீங்கற்ற கட்டிக்குரிய தோற்றம்.

டயனா தட்டைப் பார்த்தபடி, "அப்ப புள்ள இல்லையா. நா ரெண்டு நாளா பேரு யோசிச்சிக்கிட்டு இருந்தேன்," என்றாள். டொறீன் சிரித்தாள். கிறிஷாந்தும் சிரித்தான். டயனாவுக்குச் சிறு வயதிலிருந்தே இந்தக் குணம் உண்டு. பயந்தால் பகிடி சொல்லுவாள்.

கமலாட்சி சிரிக்கவில்லை. டயனாவை எழும்பி நிற்கச் சொல்லி, சட்டைக்கு மேலாக வயிற்றில் இரண்டு கையையும் வைத்துப் பார்த்தாள். நான் அனுமதி கொடுக்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

"ஐயா, இது புள்ள இல்லன்னு சொல்ல எனக்குப் படம் வேணாம்," என்றாள். "ஆனா இது நல்லதா கெட்டதான்னு சொல்ல என் கையும் பத்தாது, அந்தப் படமும் பத்தாது. எடுத்து, உள்ளுக்கு என்னா இருக்குன்னு பாத்தாத்தான் தெரியும்."

படித்த டாக்டர் எழுதியதைவிட உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். "சரிங்க ஐயா," என்று சொல்லிவிட்டுத் தூறலோடு தூறலாகப் போய்விட்டாள். நத்தாருக்கு அவள் வராததன் காரணம் இதுவாக இருக்கலாம்.

கிறிஷாந்த் காகிதத்தை வாங்கிப் பார்த்தான். டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை பார்க்கிறான். அவனுடைய ஆங்கிலம் ஆணி, பெயின்ட் அளவுக்குத்தான். ஆனால் கண் கூர்மையானது. "கீழ பக்கம் ரெண்டுல ஒன்னுன்னு போட்டிருக்கே அப்பா. மத்தது எங்க?" என்று கேட்டான். அது அந்த நிலையத்தின் விளம்பரம் என்று சொன்னேன். காகிதத்தை மடித்துத் திருப்பித் தந்தான். நான் பொய் சொல்பவன் அல்ல என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கட்டியை எடுத்துவிடலாம் என்று அவன் அடுத்த நாளே சொன்னான். ஃபோனில் எங்கேயோ வாசித்திருந்தான். நான் மறுத்ததன் காரணத்தை விசாரணை அதிகாரி அவர்கள் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

மணமாகாத ஒரு பெண்ணின் வயிறு உயர்கிறது. ஊர் பார்க்கிறது. பிறகு ஒருநாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். பெண்களுக்கான வார்டில் படுக்கிறாள். இரண்டு வாரத்தில் வயிறு இல்லாமல் வீட்டுக்கு வருகிறாள். ஊர் இதில் எதைப் படிக்கும்? நீர்க்கட்டி என்றா படிக்கும்? டாக்டரிடம் கடிதம் வாங்கலாம் என்றான் கிறிஷாந்த். நாற்பத்தொரு வருடம் மெடிக்கல் சேர்ட்டிபிக்கட்டுகளை வாங்கிக் கோப்பில் போட்டவன் நான். அவை எப்படி எழுதப்படுகின்றன என்று எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். ஸ்கேன் படத்தைக் காட்டலாம் என்றாள் டொறீன். நானே அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சாம்பல் நிறத்துக்கு நடுவே ஒரு கறுப்பு வட்டம். அதில் பிள்ளை இருக்கிறது என்றாலும் நம்பலாம், இல்லை என்றாலும் நம்பலாம்.

எந்தக் காகிதமும் செய்யாததை நாள் செய்யும். பத்து மாதம் கடந்தும் ஒரு வயிறு அப்படியே இருந்தால் அதற்குள் பிள்ளை இல்லை. இதற்கு டாக்டரும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். ஊர் தன் கண்ணாலேயே பார்த்து, தன் விரலாலேயே எண்ணிக்கொள்ளும்.

ஆகவே நான் தீர்மானித்தேன். டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டிவிட்டதாகவும், இப்போதைக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை, அடுத்த வருட நடுவில் பார்க்கலாம் என்று அவர் சொன்னதாகவும் வீட்டில் சொன்னேன். டாக்டரிடம் நான் போகவில்லை.

டயனா அகலமான சட்டை தைக்கத் துணி வாங்கி வந்தாள். அதை நான் தடுத்தேன். மறைப்பதைத்தான் ஊர் தேடும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சேலை உடுத்தி, முதல் பூசைக்கு வந்து, முன் வரிசையில் இருக்கச் சொன்னேன். நற்கருணை வாங்கப் போகும்போது நடு வழியால் போய், நடு வழியாலேயே திரும்ப வேண்டும். அவள் அலுமாரியிலிருந்து தாயின் சேலைகளை எடுத்து வெயிலில் போட்டாள்.

சாப்பாட்டறையில் தொங்கும் கோயில் நாட்காட்டியில், அவள் பூசைக்கு வந்த ஒவ்வொரு ஞாயிறிலும் சிவப்புப் பேனையால் ஒரு சிறு கோடு போட்டேன். ஜனவரியில் ஒருநாள் அதன் முன் நின்று பார்த்துவிட்டு, "என்னையும் செக்றோல்ல ஏத்திட்டீங்களாப்பா? அரை நாள் வந்தா அரைப் பேரா?" என்று கேட்டாள். நான் புன்னகைத்தேன் என்றே நினைக்கிறேன். எங்களுக்குள் மனஸ்தாபம் எதுவும் இருக்கவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

தவக்காலத்தில் அவள் கைகள் மெலிந்தன. கன்ன எலும்பு தெரிந்தது. வயிறு மட்டும் வளர்ந்தது. சாப்பாடு இரண்டு பிடிக்கு மேல் இறங்கவில்லை. மொன்டிசோரிப் பிள்ளைகளைத் தூக்க முடியவில்லை என்று பெரிய வெள்ளிக்கு முந்திய வாரம் வேலையிலிருந்து நின்றாள். பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதையின் பதினான்கு தலங்களிலும் முழந்தாளிட்டாள். பதினோராம் தலத்தில் டொறீன் அவளைக் கையைப் பிடித்துத் தூக்கினாள். தூக்கும்போது என்னைப் பார்த்தாள். நான் ஜெபப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டெம்பரில் தெரிந்த வயிறு என்றால், எவ்வளவு தாராளமாகக் கணக்குப் போட்டாலும் மே மாதத்தோடு பத்து முடிகிறது. இதை நான் மறைக்கவில்லை. டொறீனும் எண்ணியிருக்கிறாள். மே கடைசி ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், சேலையைக்கூட மாற்றாமல், நான் பேப்பர் வாசிக்கும் இடத்துக்கு வந்து நின்றாள்.

"மாமா, உங்க பத்து மாசம் முடிஞ்சிருச்சு. இன்னும் என்ன?"

திருநாள் வரை இருக்கட்டும் என்றேன். ஞாயிற்றுப் பூசைக்கு வருவது நூறு பேர். திருநாளுக்குக் கண்டி, வத்தேகம, பல்லேபொல என்று எங்கள் சொந்தக்காரர் எல்லோரும் வருவார்கள். அவர்களும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அதோடு, அந்த வருடம் எங்கள் கொம்பை வேறு வீட்டுப் பெண் தூக்கினால் இவ்வளவு மாதம் பொறுத்ததற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

"ஒலை வாய மூடலாம் மாமா, ஊர் வாய மூட முடியாது," என்றாள். "அதுக்கு இவ வயித்தையா மூடியா வைக்கிறீங்க?"

நான் பேப்பரைத் திருப்பினேன். அவள் எனக்கு மருமகள். பதில் சொல்லும் இடத்தில் நான் இல்லை.

ஜூன் மாதம் கிறிஷாந்த் எனக்குத் தெரியாமல் ஒரு சத்திர சிகிச்சை நிபுணரிடம் நாள் எடுத்திருந்தான். முந்திய நாள்தான் சொன்னான். திருநாளுக்கு முன் அவளைக் கூட்டிக்கொண்டு போனால் இருவரும் இந்த வீட்டுக்குத் திரும்பி வரக் கூடாது என்று சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. கிறிஷாந்த் கேற்றைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். கடைசியில் டயனாதான் வெளியே வந்து சொன்னாள்: "விடுண்ணே. இவ்வளவு நாள் இருந்தாச்சு. திருநாள் முடியட்டும்."

அது அவளுடைய தீர்மானம். முப்பத்தைந்து வயதுப் பெண் தன் வாயால் சொன்னது.

அதற்கு இரண்டு நாள் கழித்து, நான் சவரம் செய்துகொண்டிருக்கும்போது அவள் கதவோரம் வந்து, "அப்பா, அந்த ரெண்டாவது பக்கத்துல என்னா இருந்துச்சு?" என்று கேட்டாள். உனக்குத் தேவையானது எதுவும் இல்லை என்றேன். கண்ணாடியில் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிப்பா," என்றாள். பிறகு வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள்.

திருநாள் ஜூலை பதினாறாம் திகதிக்குப் பிந்திய ஞாயிறு. காலையில் மழை இல்லை. வெள்ளைச் சேலை, கபில நிற நாடா. டொறீன் அவளுக்குச் சேலை உடுத்திவிட்டாள். கொய்யக மடிப்பு நிற்கவில்லை, மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினாள்.  பூசை முடிந்ததும் டயனா வலது கொம்புக்குப் போய்த் தோளைக் கொடுத்தாள். மற்ற மூன்று பெண்களும் இருபது வயதுக்குள் உள்ளவர்கள். பல்லக்கு ஒரு கையளவும் சரியவில்லை. சொந்தக்காரர் எல்லோரும் பாதையோரம் நின்றார்கள். எல்லோரும் பார்த்தார்கள். நான் அவளுக்குப் பக்கத்தில் நடந்தேன்.

சந்தியில் பல்லக்கைத் திருப்பும்போது அவள் உதடு வெளுத்திருந்தது. ஜெபத்துக்கு நடுவே, தலையைத் திருப்பாமல், "அப்பா, கொஞ்சம் மாத்திக்கலாமா? உள்ளுக்கு என்னமோ மாதிரி இருக்கு," என்றாள்.

இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று சொன்னேன். அது சரியான அளவு அல்ல. முக்கால் மைல் இருந்தது.

அவள் முக்கால் மைலும் நடந்தாள். பல்லக்கைப் பீடத்தில் இறக்கி வைத்துவிட்டு, கோயில் படியில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டாள். தண்ணீர் வருவதற்குள் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டாள். றுஸ்தி தன் த்ரீவீலைக் கூட்டத்துக்குள்ளால் கொண்டுவந்தார். என்னைப் பார்க்காமலே அவளைத் தூக்கி ஏற்றினார். மாத்தளையிலிருந்து அம்பியுலன்சில் கண்டிக்கு அனுப்பினார்கள்.

கட்டி உள்ளே வெடித்திருந்தது. சத்திர சிகிச்சை செய்த டாக்டர் இளைஞர். என்னையும் கிறிஷாந்தையும் நிற்க வைத்துக்கொண்டே பேசினார். எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். நவம்பரில் முழுதாக எடுத்திருந்தால் ஒரு சத்திர சிகிச்சையோடு முடிந்திருக்கலாம். இப்போது வயிறு முழுக்கப் பரவியிருக்கிறது, கிருமியும் ஏறிவிட்டது என்றார்.  நான் நன்றி சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவருக்கு வேலை அதிகம்.

பத்தொன்பது நாள் இருந்தாள். மூன்றாவது வாரத்தில் ஒருநாள் பார்வையாளர் நேரத்தில் நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். கண்ணைத் திறந்து, குரல் மிகவும் மெல்லியதாக, "அப்பா, இப்ப எல்லாரும் பாத்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

பார்த்துவிட்டார்கள் என்று சொன்னேன். அவள் தலையை அசைத்தாள். அவளுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும்.

வெட்டி எடுத்ததைப் பரிசோதித்த ரிப்போர்ட் அடக்கம் முடிந்து பத்து நாளில் வந்தது. புற்றுநோய் என்று அதில் இருந்தது. அதற்குக் கீழே, கர்ப்பப்பை வழமையான அளவு, கர்ப்பத்தின் அடையாளம் எதுவும் இல்லை என்று ஒரு வரி. முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு வீட்டில் சாப்பாடு கொடுத்தோம். அறுபது பேர் இருந்தார்கள். சாப்பிட்டு முடியும் நேரத்தில் நான் எழுந்து, அந்த வரியை முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் வாசித்தேன்.  கமலாட்சி கை கழுவிக்கொண்டிருந்தவள், அப்படியே திரும்பி, "யாருங்க ஐயா அப்படிச் சொன்னது?" என்று கேட்டாள்.  வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் பெயர் சொல்வது அழகல்ல.

அன்றிலிருந்து கிறிஷாந்தும் டொறீனும் என்னோடு இல்லை. பல்லேபொலயில் வாடகைக்கு இருக்கிறார்கள்.

இப்போது இந்தக் கடிதத்தின் காரணத்துக்கு வருகிறேன். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா தீங்கற்றது என்று பிழையாக எழுதியதால் தன் தங்கை இறந்தாள் என்று கிறிஷாந்த் முறைப்பாடு கொடுத்திருக்கிறான். வீட்டிலிருந்து அவன் எடுத்துப்போனது முதல் பக்கம் மட்டும். அதை வைத்துக்கொண்டு அவன் சொல்வது நியாயமாகத்தான் தெரியும். அந்த அம்மையாரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் ஒழுங்காக எழுதப்பட்ட ஒரு ஆவணத்தின் மேல் பழி விழுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இரண்டாம் பக்கத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். நான் அதைக் கிழிக்கவில்லை. வேலை செய்த காலத்தில் ஒரு காகிதத்தையும் அழித்தவன் அல்ல. காணி உறுதிப் பத்திரமும் ஓய்வூதியக் கடிதங்களும் இருக்கும் கோப்பில், நவம்பர் பதினான்காம் திகதியே துளை போட்டுக் கட்டி வைத்தேன். அதில் நான்கு வரிகள்தான் இருக்கின்றன. அவற்றின் தமிழ் இது: கட்டியின் உள்ளே ஒரு சிறு திண்மப் பகுதி காணப்படுகிறது. பெரும்பாலும் தீங்கற்ற தோற்றம் இருந்தாலும், படத்தை மட்டும் வைத்து அதை உறுதிப்படுத்த முடியாது. அகற்றித் திசுப் பரிசோதனை செய்வது அவசியம். தாமதமின்றிச் சத்திர சிகிச்சை நிபுணரிடம் காட்டவும். தாமதமின்றி என்ற சொல்லுக்குக் கீழே அந்த அம்மையார் பேனையால் கோடு போட்டிருக்கிறார்.

நான் அதை இரண்டு தடவை வாசித்தேன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். விளங்கித்தான் வாசித்தேன். உறையிலிருந்து அந்தப் பக்கத்தைப் பிரித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தவன் நான். அதை எட்டு மாதம் வைத்திருந்தவன் நான். அம்மையாரின் எழுத்தில் பிழை எதுவும் இல்லை. கிறிஷாந்தின் முறைப்பாட்டில் அவர் பெயர் இருக்கும் இடத்தில் என் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.

இன்னும் ஒன்று. ஊரில் சொல்வது இது: டயனாவின் வயிற்றைப் பற்றி ஊரில் ஒருவரும் ஒருநாளும் தவறாகப் பேசியதில்லை. அவளுக்கு என்ன நோய், ஏன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை என்றுதான் எல்லோரும் கவலைப்பட்டார்கள். மற்றதெல்லாம் கிழவன் தானாக நினைத்துக்கொண்டது என்று இப்போது ஒரு கதை பரவியிருப்பதாகத் தெரிகிறது. அது உண்மையல்ல. என் காதில் விழவில்லை என்பதற்காக அவர்கள் பேசவில்லை என்று ஆகிவிடாது.